வைப்பரைப் போடாதே

வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்து.
வாலைக் காட்டினால்
திறந்த கையோடு கதவும் போகும்.
பட்டகோனியாவுக்குப் புதிதாக வருபவரிடம்
இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

லாஸ் எராஸ் போகிற சரளைச் சாலை முனையில்
தகரக் கொட்டகை, ஒரு மோட்டார், இரண்டு வாளி.
இரண்டு எதற்கென்று கேட்பார்கள்.
ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி செய்த பாவத்தை அலச.
அலசாத துணியை மறுபடி சோப்பில் முக்கினால்
நீ கழுவவில்லை,
உப்புத்தாள் போடுகிறாய்.

அழுக்கைப் பார்த்தே வழி சொல்வேன்.
வெள்ளைப் படலம்: உப்பேரிப் பக்கம்.
பம்பரில் ஒட்டிய பூச்சிகள்: ஆற்றோரம், இரவு, வேகம்.
தபால் வண்டி தெல்மிராவின் கதவில் கம்பளிப் பிசுக்கு;
ஆடு ஏற்றியிருக்கிறாள், ஏற்றக் கூடாது.
கேட்கமாட்டேன். வெந்நீர் ஊற்றுவேன்.

அவள் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, பருப்பளவு.
சிவப்பு நகப்பூச்சு தடவி வைத்திருக்கிறாள்.
"இன்னும் ஓடவில்லை" என்றாள் விரிசலை,
கட்டிப்போட்ட நாயைச் சொல்வதுபோல.

குளிர் இறுகுமுன் மெழுகு பூசச் சொல்வேன்.
நிழலில் பூசு, மெல்லிசாக.
கேட்பவர் பாதிப் பேர்.

சாம்பல் விஷயம் வேறு.
மலைக்கு அப்பால், சிலிப் பக்கம், எரிமலை இருமினால்
நம் பானெட்டில் மாவு சலித்ததுபோல் விழும்.
மாவில்லை. அரைத்த கண்ணாடி.
தொடாதே, துடைக்காதே.
மேலிருந்து தண்ணீர், தாராளமாக, தானாக இறங்கட்டும்.
எது செய்தாலும் வைப்பரைப் போடாதே.
அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன்,
என் கையெழுத்தில், இரண்டு பிழையோடு.

அதைப் படித்துவிட்டு என் வண்டியைப் பார்ப்பவர்கள்
சிரிக்கிறார்கள்.
பெஜோ 504 பிக்கப். முன்கண்ணாடியில்
பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அரைவட்டக் கீறல்.

அந்த ஆகஸ்ட், பகல் இரண்டு மணிக்குக் கோழிகள் அடைந்தன.
வயர்லெஸ்ஸில் பண்ணை பண்ணையாகக் கூப்பிட்டார்கள்.
பதில் வராத பெயர்களில்
அண்ணன் அன்செல்மோ ஆடு மேய்க்கும் இடமும் இருந்தது.
நாங்கள் பேசி இரண்டு வருஷம்.
ஒரு ஜெனரேட்டர் விவகாரம். சொல்ல வெட்கம்.

தொண்ணூறு கிலோமீட்டர்.
முதல் பத்தில் நிறுத்தி நிறுத்திப்
பாட்டிலால் ஊற்றினேன், முறைப்படி.
தீர்ந்தது. குடிக்க வைத்திருந்ததும் தீர்ந்தது.
தலையை வெளியே நீட்டி ஓட்டினேன்;
கண் எரிந்து தானே மூடிக்கொண்டது.
பிறகு சுவிட்சைத் தட்டினேன்.

ரப்பர் போய்வந்த சத்தம்
இன்னும் என் பல்லில் இருக்கிறது.
கையகலம் தெரிந்தது: ஒரு வேலிக்கம்பம்.
மறைந்தது.
அடுத்த கம்பம்.

அன்செல்மோ உள்ளே மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
சன்னல் இடுக்கில் ஈரச் சாக்கு, கட்டிலடியில் நாய்.
வயர்லெஸ்ஸுக்கு பேட்டரி தீர்ந்திருந்தது,
அவ்வளவுதான்.
டார்ச்சோடு வெளியே வந்தான்,
கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தான்.
"வைப்பரைப் போட்டாயா, மடையா?"

சீரியம் பொடி போட்டு இரண்டு நாள் மெருகேற்றினேன்.
போகவில்லை.
கொமொதோரோவில் புதுக் கண்ணாடிக்கு விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.

மேற்கே போகும் சாயங்காலத்தில்தான் தொந்தரவு.
சூரியன் தாழ்ந்து நேரே அடிக்க
இரண்டு வில்லும் பற்றிக்கொள்ளும்,
எதிரே லாரி வந்தாலும் தெரியாது.
ஓரங்கட்டிக் காத்திருப்பேன், கால்மணி நேரம்.
வண்டியைத் திருப்பி நிறுத்தும் வேலை இல்லை,
இங்கே காற்றும் அந்தத் திசைதான்.